சென்னையிலும் ஒரு செங்கோட்டை

செங்கோட்டை என்றதும் தில்லியில் பயிலும் நம் கண்முன் நிற்பது ஷாஜகான் எழுப்பிய கோட்டை. தென்பாண்டிச் சீமை நண்பர்களுக்குக் குற்றாலத்தை அடுத்த ஊர் நினைவுக்கு வரலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்களைக் கேளுங்கள். மூன்றாவதாக ஒரு செங்கோட்டையைக் காட்டுவார்கள். 1897ஆம் ஆண்டைச் சேர்ந்த உடற்கூற்றியல் கட்டிடந்தான் அது. அதன் சிவந்த செங்கற் சுவர்களே அப்பெயரை வாங்கித் தந்தன.

அதனைப் புதுப்பித்துப் பொருட்காட்சி சாலையாக்க அரசு முன்வந்தது பாராட்டுக்குரியது. ஆயினும், எப்படிப் புதுப்பிப்பது, யாருக்காகப் புதுப்பிப்பது என்னும் இரு கேள்விகள் எஞ்சி நிற்கின்றன.

"லக்ஷ்மிபாய் நகரில் இருந்துகொண்டு சென்னைச் சுவருக்கு நீ ஏன் கவலைப்படுகிறாய்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்கள் நகருக்கு அருகிலேயே அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் இருக்கிறது; அது தோன்றியது 1956இல். சென்னைக் கல்லூரியோ 1835இல் தோன்றியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் பட்டம் பெற்றது அங்கேதான். தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஊர் திரும்பும் நாம் சென்னை சென்ட்ரலில் இறங்குகிறோம். சாலையைக் கடந்தால் அக்கல்லூரி. நம் வாசலில் இருப்பதைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

முதற்கேள்விக்கு வருவோம். பழைய செங்கற் சுவர் சுண்ணாம்புச் சாந்தால் ஆனது. மழையில் உறிஞ்சிய ஈரத்தை அது மெல்ல மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் செதில் செதிலாக உதிரும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது இது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் நம்மிடம் இல்லாமலில்லை. 2012இல் தீக்கிரையான சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித்துறையே மீட்டெடுத்துக் காட்டியது. வேலை சற்று மெதுவாக நடக்கும், செலவும் கூடும். அதற்கு அஞ்சி அவசரப் பூச்சுக்கு இடங்கொடுக்கலாகாது.

இரண்டாவது கேள்வியே பெரிது. சுவர் நிமிர்ந்துவிட்டால் போதுமா? உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஒரு நுரையீரல் இருக்கிறது. கீழே ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் அதன் பெயர் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் காசநோய் மருந்து வாங்க வந்த தாய் அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வாள்? மருத்துவத்துக்குத் தமிழ் போதாது என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கரான டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; உடற்கூற்று நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அமெரிக்காவிலிருந்து வந்தவருக்குக் கைகூடியது, தமிழ்நாட்டு அரசுக்குக் கைகூடாதா?

இன்னொரு கடனும் உண்டு. பழைய உடற்கூற்றுக் கூடங்களுக்கு வந்த உடல்கள் பெரும்பாலும் கேட்பாரற்ற ஏழைகளுடையவை. உலகெங்கும் அப்படித்தான், இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு வழி வகுத்தது. மருத்துவ மேதைகளின் படங்களைச் சுவரில் மாட்டட்டும், மகிழ்ச்சியே. அந்த மேதைகளுக்குப் பாடமாகக் கிடந்த பெயரற்ற மனிதர்களுக்கு வாயிலில் ஒரு நன்றிக்கல் வேண்டாமா? அதையும் தமிழில் பொறிக்கட்டும்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் சென்ட்ரலில் இறங்கியதும் ஊர்ப் பேருந்தைத் தேடி ஓடுமுன் அச்செங்கோட்டையைப் பற்றி விசாரியுங்கள். சுண்ணாம்பு வேலை, தமிழ் விளக்கம், நன்றிக்கல் ஆகிய இம்மூன்றையும் கேட்டு நம் சங்கத்தின் பெயரால் தமிழக நல்வாழ்வுத் துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவோம். முதற் கையெழுத்திட நான் அணியமாக இருக்கிறேன்.