தேய்த்தால் போகாத கறுப்பு

கானாவின் சந்தைகளில் மீன்வலை போன்ற ஒன்றைக் குளியலுக்கென்றே விற்கிறார்கள். பெயர் சாப்போ. கசக்கினால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். விரித்தால் துண்டு நீளத்துக்கு வரும். நனைத்து, கறுப்புச் சோப்பைப் போட்டு நுரை வரவழைத்து, இரண்டு நுனியையும் பிடித்து முதுகுக்குக் குறுக்கே இழுத்துக் குளிப்பார்கள். சோப்பும் அந்த மண்ணுடையதுதான். வாழைக்காய்த் தோல், கொக்கோ நெற்று இவற்றை எரித்த சாம்பலோடு எண்ணெய் சேர்த்துக் காய்ச்சுவது. நைஜீரியாவின் யொரூபா மக்கள் அதை ஓசே டூடூ என்கிறார்கள். அண்மையில் டிக்டாக் புண்ணியத்தில் அமெரிக்காவிலும் அந்த வலைக்குக் கிராக்கி.

வலையில் குற்றமில்லை. இழுக்கிற கையில்தான் இருக்கிறது விஷயம்.

நிறமி சுரக்கும் செல்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கறுப்புத் தோலில் அவை ஓயாமல் வேலை செய்கின்றன. மெலனின் என்ற அந்த நிறமியைப் பெரிய மணிகளாகச் செய்து மேல்தோல் முழுக்கப் பரப்புகின்றன. வெயிலுக்கு அது குடை. ஆனால் சீண்டினால் அந்தத் தோல் சும்மா இராது. பரு, கீறல், சிராய்ப்பு எது வந்தாலும் கூடுதலாக நிறமியைக் கொட்டும். காயம் ஒரு வாரத்தில் ஆறும். கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். புள்ளி போகட்டும் என்று இன்னும் அழுத்தித் தேய்த்தால் இன்னும் கறுக்கும். நைலான் துண்டால் வருடக்கணக்கில் தேய்த்துக் குளித்தவர்களுக்குக் கழுத்தெலும்பின் மேலும் தோள்பட்டையிலும் கருந்திட்டு விழுந்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 1980களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் தோலின் மேல் படியும் செத்த செல்லை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். தோல் வறண்டு செதில் படிந்தால் கறுப்பு உடம்பில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அமெரிக்கக் கறுப்பினத்தவர் பேச்சிலும் அதற்குச் சாம்பல் என்ற சொல்தான். சுருண்ட முடிக்காரர்கள் சவரம் செய்தால் வெட்டிய முடி வளைந்து தோலுக்குள்ளேயே இறங்கிப் பருவாகும். மெதுவாகத் தேய்த்துக் கொடுத்தால் அந்த முடி வெளியே வர வழி கிடைக்கும். வாரம் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை, வெதுவெதுப்பான நீரில் மெத்தென்ற துணி போதும். வால்நட் ஓட்டைப் பொடித்த ஸ்கிரப்பை முகத்தில் போடாமலிருப்பது நல்லது. தேய்ப்பதற்குப் பதில் செத்த செல்லை உதிர்க்கும் அமிலம்தான் வேண்டுமென்றால் பாலிலிருந்து பெயர் பெற்ற லாக்டிக், கசப்பு வாதுமையிலிருந்து வந்த மாண்டெலிக் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கலாம். மாண்டெலிக்கின் மூலக்கூறு பெரியது, தோலுக்குள் நிதானமாக இறங்கும், எரிச்சல் குறைவு. குளித்த ஈரம் காய்வதற்குள் ஷியா வெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவ வேண்டும். பகலில் சன்ஸ்கிரீன். தோல் எரிந்தால் தேய்ப்பதையும் அமிலத்தையும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவு எளிய கணக்கு ஏன் தப்பிப் போகிறது? கறுப்பை அழுக்கோடு சேர்த்துப் பார்க்கச் சோப்புக் கம்பெனிகள் உலகத்தைப் பழக்கிவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் பியர்ஸ் விளம்பரம் ஒன்றில் தொட்டியில் இறங்கும் கறுப்புச் சிறுவன், முகம் தவிர உடம்பெல்லாம் வெளுத்து எழுந்திருப்பான். அது பழங்கதை என்றால், 2017இல் டவ் வெளியிட்ட விளம்பரத்தில் ஒரு கறுப்புப் பெண் சட்டையைக் கழற்ற, வெள்ளைப் பெண் வெளிப்பட்டாள். கண்டனம் கிளம்பிய பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இன்றும் ஸ்கிரப் புட்டியில் 'மென்மை' என்று ஒரு பக்கம், 'பிரைட்டனிங்' என்று மறுபக்கம் அச்சடிக்கிறார்கள். முதல் சொல்லை நம்பி வாங்குகிறவர், இரண்டாவது சொல்லுக்காக அழுத்தித் தேய்க்கிறார்.

கறுப்பை அழுக்கென்று பார்க்கும் இந்தப் பழக்கம் பிள்ளைகளின் கழுத்தையும் விடுவதில்லை. பிடரி கறுத்து, வெல்வெட் போல் தடித்திருந்தால் "ஒழுங்காகக் குளிக்கிறதில்லை" என்று வீட்டில் திட்டு விழும், பீர்க்கங்காய் நார் வரும். ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களில் மட்டுமல்ல, நம் வீடுகளிலும் இதே கதைதான். அந்தக் கறுப்பு பெரும்பாலும் அழுக்கல்ல. இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். டெக்சாஸ் மாநிலத்தின் சில வட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகளின் கழுத்தை இதற்காகவே பார்க்கச் சட்டம் இருக்கிறது. பெற்றோர் நாரைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைக்கு ஒருமுறை இரத்தச் சர்க்கரை பார்க்கட்டும்.