டார்கெட் எழுபது நிமிஷம்

எங்கள் சேரப்பணஞ்சேரி பக்கம் எல்லாமே ஓடும். விடிகாலை நாலரைக்கே முதல் ஷிப்ட் கம்பெனி பஸ்கள் ஓடும். வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஓடும். ஒரகடத்தில் பிறந்த புத்தம்புது கார்கள் டிரெய்லர் முதுகில் உட்கார்ந்தபடி ஓசியில் ஓடும். மனுஷன் மட்டும் காரணமில்லாமல் ஓடக் கூடாது.

ஓடினால் என்ன ஆகும்? டீக்கடை மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, ''பஸ்ஸை விட்டுட்டீங்களா தம்பி?'' என்பார். நாலடி தள்ளி ஒரு பைக் பிரேக் அடிக்கும். ''ஏறுங்க சார், கேட் வரைக்கும் விட்டுடறேன்.'' சும்மாதான் ஓடறேன் என்றால் நம்ப ஆளில்லை. தெரு நாய்கள்தான் பெரிய மனசு பண்ணி, ஓடுவதற்கு ஒரு காரணம் கொடுத்து உதவுகின்றன!

என்னை இதில் இழுத்துவிட்டவர் எதிர் போர்ஷன் நண்பர். வயது முப்பத்தொன்று. டிப்ளமோ மெக்கானிக்கல். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கிற காண்ட்ராக்ட் உத்தியோகம். ஏழு வருஷமாக வருஷா வருஷம் ரினியுவல். ஒரு நாள் என்னிடம் ஒரு நோட்டீஸை நீட்டினார்.

அண்ணா பிறந்தநாளையொட்டி, விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 2023-ல் மாவட்டந்தோறும் நடத்தத் தொடங்கிய மாரத்தான். 17-லிருந்து 25 வயது வரை உள்ள ஆண்களுக்கு 8 கிலோமீட்டர். 25-ஐத் தாண்டிய ஆண்களுக்கு 10 கிலோமீட்டர். பெண்களுக்கு 5. (வயசு ஏறினால் தூரமும் ஏறும். வாழ்க்கையைப் புரிந்தவர் யாரோ போட்ட விதி!) முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, மூன்றாவது 2,000. நாலிலிருந்து பத்தாவதாக வருகிறவர் வரை ஆளுக்கு ஆயிரம். காஞ்சிபுரம் அண்ணா பிறந்த ஊர். அதனால் இந்த ஓட்டத்தில் எங்கள் ஜில்லாவுக்குக் கொஞ்சம் கூடுதல் சொந்தம் உண்டு.

அசல் மாரத்தான் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-ல் அதையே நிரந்தரமாக்கினார்கள். ''அப்போ இது எழுபத்தாறு பர்சென்ட் டிஸ்கவுன்ட். ஆடித் தள்ளுபடியிலகூட இவ்வளவு கிடைக்காது'' என்றேன்.

பி.காம் புத்தி சும்மா இருக்குமா? பேரேட்டைத் திறந்தேன். ''ஷூ மூவாயிரம். முழங்கால் தேய்மானம் தனி. அன்னிக்கு ஓ.டி. பார்த்தா கிட்டத்தட்ட ஆயிரம் வரும், அதுவும் போச்சு. பத்தாவதா வந்தாக்கூட முதலே திரும்பாது சார்.''

''பரிசுக்கு யார் சார் ஓடறா? பத்து கிலோமீட்டரை எழுபது நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். அதான் டார்கெட்.''

''எழுபதுன்னு யார் சொன்னது?''

''நான்தான். ஏழு வருஷமா லைன்ல எனக்கு எத்தனையோ டார்கெட் குடுத்திருக்காங்க. எனக்கு நானே குடுத்துக்கிட்டது இது ஒண்ணுதான் சார்.''

என் பேரேட்டில் இதை எழுத ஒரு பத்தி இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து நீங்கள் துரத்துகிற நம்பர்களில் உங்களுடையது எது? மணிக்கு இத்தனை பீஸ், மாசத்துக்கு இத்தனை லட்சம் சேல்ஸ், இருபதாம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். எல்லாம் யாரோ ஏ.சி. ரூமில் உட்கார்ந்து எக்ஸெல்லில் தட்டியது. கஷ்டப்பட்டு முடித்தால் மெடலா தருகிறார்கள்? ''நூறு முடிஞ்சுதா? அப்ப நூத்திப்பத்து முடியுமே!'' ஏணியில் ஏறி முடிக்கும்போதே மேலே இன்னொரு படிக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்கும்.

எழுபது நிமிஷம் என்பது உலகத்தை ஆட்டிவைக்கிற நேரமல்ல. 1978-ல் சிவ்நாத் சிங் ஜலந்தரில் முழு மாரத்தானை 2 மணி 12 நிமிஷத்தில் முடித்தார். வெறுங்காலோடு ஓடுகிறவர் என்று பெயரெடுத்தவர். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தியாவில் ஒருத்தராலும் அந்த நேரத்தை நெருங்கித் தாண்ட முடியவில்லை. அவர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால், நம் நண்பர் பத்து கிலோமீட்டர் முடிக்கும்போது அவர் இருபத்திரண்டைத் தாண்டியிருப்பார். சொன்னேன். ''அது அவர் டார்கெட் சார்'' என்றார் நண்பர்.

அதற்கு நேர் எதிர்க் கோடியில் ஒருவர் இருக்கிறார். ஜப்பானின் ஷிஸோ கனகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாங்காமல் பாதியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கினார். ஜூஸ் கொடுத்து உபசரித்தார்கள். மனுஷன் போட்டி நடத்தியவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். ஸ்வீடன்காரர்கள் 'ஆளைக் காணோம்' என்று எழுதி வைத்தார்கள். 1967-ல் கூப்பிட்டனுப்பி, மிச்சத்தை முடிக்கச் சொன்னார்கள். எழுபத்தைந்து வயதில் ஓடி வந்து கோட்டைத் தொட்டார். நேரம்: 54 வருஷம், 8 மாசம், 6 நாள், 5 மணி, 32 நிமிஷம், 20.3 விநாடி. இடையில் ஆறு பிள்ளைகள், பத்துப் பேரப் பிள்ளைகள். அந்த மனுஷனுக்கு அப்ரைசல் வைத்தால் எத்தனை மார்க் போடுவீர்கள்?

இரண்டு மாசம் பிராக்டீஸ். முதல் ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் ஓடினார். செகண்ட் ஷிப்ட் என்றால் காலையில். நைட் ஷிப்ட் வாரத்தில் சுத்தமாக லீவு, தூக்கம்தான் பிராக்டீஸ். நெஞ்சு லேசாக அடைத்தாலும் டார்கெட்டைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு டாக்டரிடம் போவது என்பது வீட்டில் அவர் மனைவி போட்ட கண்டிஷன். எந்த கம்பெனியிலாவது இப்படி மேனேஜர் உண்டா?

காஞ்சிபுரத்தில் அன்று நானும் ஓடினேன். என் லட்சியம் எளிமையானது: பின்னால் வரும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் இருப்பது. ஏழாவது கிலோமீட்டரில் டிரைவர் என்னைப் பார்த்த பார்வையில் பாசம் இருந்தது. ஆனாலும் ஏறவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நண்பர் ஓரமாக உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரத்தை அவரே வைத்து அவரே நிறுத்தியிருந்தார். 69 நிமிஷம் 20 விநாடி. பத்துக்குள் வரவில்லை, பக்கத்தில்கூட இல்லை. மேடையில் பேர் வாசிக்கும்போது இவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஷிப்டில், ''எத்தனாவதா வந்தீங்க?'' என்று கேட்டார்களாம். எண்ணவில்லை என்றாராம். இந்த வருஷ ரினியுவல் பேப்பர் இன்னும் கைக்கு வரவில்லை. அது அவர் கையில் இல்லை. அந்த ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது.

போன வாரம் டீ குடிக்கும்போது, என்னால் சும்மா இருக்க முடியாமல், ''அடுத்த வருஷம் அறுபத்தஞ்சு வெச்சுக்கலாமா?'' என்றேன்.

கிளாஸைக் கீழே வைத்தார். ''அதே எழுபதுதான் சார். முடிச்ச உடனே ஏத்தறதுக்கு நான் என்ன கம்பெனியா?''