மார்த்தா ஏன் இத்தனை டீம் மாறினார்?



போன மாசம் நம்ம வகுப்புல ஒரு சண்டை. பிரேசில்ல யார் பெரிய ஆட்டக்காரர் என்று. பெலே என்றான் ஒருவன். நெய்மர் என்றான் இன்னொருவன். நான் மார்த்தா என்றேன். "அது யாரு, நம்ம தெரு மார்த்தா அக்காவா?" என்று எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மார்த்தா 1986-இல் அலகோவாஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தார். நம்ம ராமநாதபுரம் மாதிரியே மழை குறைந்த வறண்ட பூமி. அம்மாதான் வேலை பார்த்து வளர்த்தார். பையன்களோடு சேர்ந்துதான் பந்து விளையாடினார். அதுக்காக ஏச்சும் வாங்கினார். பிரேசில்ல 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடக் கூடாது என்று சட்டமே இருந்தது. சட்டம் போனாலும் பேச்சு போகவில்லை.

14 வயதில் ரியோ நகரத்துக்குப் பஸ் ஏறினார். மூன்று நாள் பயணம்! இங்கிருந்து சென்னைக்கு ரயிலில் ஒரு ராத்திரி போறதுக்கே எங்க வீட்ல ஆயிரம் கேள்வி கேட்பாங்க. எனக்கும் இப்போ 14 வயசுதான்.

ரியோவில் வாஸ்கோ ட காமா கிளப்பில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அந்தப் பெண்கள் அணியை மூடிட்டாங்க. 2004-இல், 18 வயதில், பாஷை தெரியாத சுவீடன் நாட்டுக்குப் போனார். உமியோ என்ற பனி பெய்யும் ஊர். அங்கே ஆடித்தான் உலகத்தின் சிறந்த வீராங்கனை ஆனார். 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து தடவை, திரும்ப 2018-இல் ஒரு தடவை.

2009-இல் அமெரிக்கா, லாஸ் ஏஞ்சல்ஸ் அணி. ஒரே வருஷத்தில் அதை மூடினாங்க. 2010-இல் வேறு அணி. லீக்கையே ஜெயிச்சாங்க, ஆனாலும் மூடினாங்க. 2011-இல் இன்னொரு அணி, அதிலும் கோப்பை. 2012-இல் அந்த லீக்கே நின்னு போச்சு. மறுபடி சுவீடன். அங்கே தீரேசோ அணி 2014-இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. மார்த்தா அதில் 2 கோல் போட்டார். அதே வருஷம் பணம் இல்லாமல் அந்த அணியும் கலைந்தது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நெய்மர் 2017-இல் பார்சிலோனாவை விட்டு பாரிசுக்குப் போனபோது கொடுத்த தொகை 22 கோடியே 20 லட்சம் யூரோ. அதிகப் பணத்துக்காக ஆண்கள் டீம் மாறுவாங்க. மார்த்தா பலமுறை மாறியதற்குக் காரணம், நின்ற இடத்தையே காலுக்கடியில் இருந்து எடுத்துட்டாங்க. திறமை இல்லாமல் அவர் அலையவில்லை. டீம் நிலைக்காததால் அலைந்தார். இதுதான் என் கருத்து.

நம்மகிட்டயும் இதே கதைதான். முன்னே நாங்க ஏழு பேர் பந்து பழகினோம். சொல்லிக் கொடுத்த டீச்சர் மாறுதல் ஆகிப் போனாங்க, அதோட எங்க டீமும் போச்சு. பந்து பையன்களிடம், எங்களுக்கு ரிங் பால். யாரையும் குறை சொல்லவில்லை. ஒருத்தரை மட்டும் நம்பி இருக்கும் டீம் அவரோடயே போயிடும், அவ்வளவுதான்.

"வெயில்ல கறுத்துப் போயிருவ", "சாயங்காலம் தண்ணி எடுக்கணும், மீன் ஆயணும்" என்று வீட்டில் சொல்வாங்க. வேலை இருக்கிறது உண்மைதான். அதனால்தான் சாயங்காலம் வேண்டாம், பள்ளி நேரத்திலேயே வேண்டும் என்று கேட்கிறோம். வாரத்துக்கு ஒரு பீரியடு, ஒரு பந்து. கால அட்டவணையில் "பெண்கள் கால்பந்து" என்று எழுதி ஒட்டிட்டா, யார் மாறுதல் ஆனாலும் அது நிற்கும். மைதானத்துக் கருவேல முள்ளை நாங்களே பொறுக்கிடுறோம். பந்து பஞ்சர் ஆகாது.

நடக்காத கனவு என்று நினைக்காதீங்க. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடியவர், போலீஸ் எஸ்.ஐ.யும் கூட. சேது எஃப்.சி. என்ற பேரைக் கேட்டால் நம்ம ஊர் டீம் மாதிரி இருக்கும். ஆனா மதுரை டீம். 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை ஜெயிச்சாங்க. பஞ்சாப் மனிஷா கல்யாண் 2021-இல் பிரேசில் அணிக்கு எதிராகவே கோல் போட்டார். பிறகு சைப்ரஸ், கிரீஸ் என்று போய் ஆடினார்.

மார்த்தா 2017-இல் அமெரிக்காவில் ஆர்லாண்டோ அணிக்கு வந்தார். அந்த டீமை யாரும் மூடவில்லை, அவரும் அலையவில்லை. 2024-இல், 38 வயதில், அந்த லீக் கோப்பையை வாங்கினார். நிலையான டீம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

மூன்று நாள் பஸ்ஸில் போக நாங்க கேட்கவில்லை. பள்ளிக்கூட மைதானம் வரைக்கும்தான் போகணும். அனுமதி தாருங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி