வளர்த்த பிள்ளைக்கு வீட்டில் பங்கு

அமெரிக்காவில் ஹாரி ஹோல்ட் என்ற விவசாயி இருந்தார். மனைவி பெர்த்தா. கிறிஸ்தவக் குடும்பம். சொந்தப் பிள்ளைகள் 6 பேர். போரில் அனாதையான கொரியக் குழந்தைகள் 8 பேரை 1955-ல் தத்து எடுத்தார்கள். 'ஒரு குடும்பத்துக்கு 2 குழந்தைகள்தான்' என்றது அந்நாட்டுச் சட்டம். இவர்களுக்காகப் பாராளுமன்றமே தனிச் சட்டம் செய்தது!

நம் களியக்காவிளையில்? ஒரு குழந்தையைக்கூட கிறிஸ்தவர்கள் சட்டப்படி தத்து எடுக்க அன்று வழி இருக்கவில்லை. 1956-ல் வந்த தத்துச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. 1890-ம் ஆண்டுச் சட்டப்படி 'காப்பாளர்' ஆகலாம். அவ்வளவுதான். சோறு ஊட்டலாம், படிக்க வைக்கலாம். ஆனால், உயில் எழுதாமல் கண்ணை மூடினால், வளர்த்த பிள்ளைக்கு வீட்டில் பங்கு கிடையாது. இது என்ன நியாயம்?

2000-ல் வந்து 2006-ல் திருத்தப்பட்ட சிறார் நீதிச் சட்டம்தான் எல்லா மதத்தாருக்கும் வழி திறந்தது. 50 வருடத் தாமதம்! இன்று தத்துப் பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் உரிமை எல்லாம் உண்டு.

இப்போதும் சிலர் ஸ்டாம்பு பேப்பரில் எழுதிக் குழந்தையை வாங்குகிறார்கள். அது செல்லாது. நாகர்கோவிலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். 2022 முதல் தத்து உத்தரவைக் கலெக்டரே தருகிறார். பிறகு 2 வருடம், 6 மாதத்துக்கு ஒரு முறை, குழந்தை எப்படி இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். பயப்படவேண்டாம், பிடுங்கிக்கொண்டு போக அல்ல.