பொங்காலை அடுப்பும் மூட்டு வலியும்

மாசி பிறந்துவிட்டால் சாலைக் கடைத்தெருவில் மண்பானைகள் மலைபோல் குவிந்துவிடும். அவற்றைக் கடந்து அலுவலுக்குச் செல்லும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு: இவ்வாண்டு நம் அன்னையார் ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கலிடுவாரா?

2007 ஆம் ஆண்டில் கேரளமெங்கும் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சல் நம் இல்லத்தையும் விடவில்லை. இந்நோய் 1952-இல் ஆப்பிரிக்காவின் தாங்கனீக்கா நாட்டில் கண்டறியப்பட்டது. மூட்டு வலியால் உடல் வளைந்து போவதைக் குறிக்கும் அந்நாட்டு மக்களின் சொல்லே அதற்குப் பெயராயிற்று. 1963-இல் கல்கத்தாவிலும், அடுத்த ஆண்டு சென்னையிலும் தலைகாட்டிய அது, பல்லாண்டுகள் ஓய்ந்திருந்து 2005-இன் இறுதியில் இந்நாட்டிற்கு மீண்டும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். மூட்டு வலியோ சிலருக்கு மாதக் கணக்கில், வேறு சிலருக்கு ஆண்டுக் கணக்கில் நீடிக்கும். அன்னையார் இரண்டாம் வகையினர்.

வலியைவிட அவரை வருத்தியது நம் பேச்சுத்தான் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். "அம்மா, நேற்று நன்றாகத்தானே இருந்தீர்கள்?" என்று எத்தனை முறை கேட்டிருப்போம்! நன்றாயிருந்த அந்த நேற்றுத்தான் இன்றைய படுக்கைக்குக் காரணம் என்பது நமக்கு விளங்கவில்லை. வலி சற்றுக் குறைந்த நாளில், தேங்கிக் கிடந்த வேலை அனைத்தையும் அவர் ஒருசேர முடித்துவிடுவார். போர்வைகளைத் துவைப்பார், மாவரைப்பார், பரணையும் ஒழிப்பார். அதன்பின் மூன்று நாள் எழுந்திருக்க இயலாது. சரக்கு வண்டிக்குக்கூட ஏற்றும் சுமைக்கு ஓர் அளவு எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்களுக்கு அதை யார் எழுதி வைத்தார்கள்?

களைத்த பின் ஓய்வு கொள்வதில் பயனில்லை, களைப்பு வருமுன்னரே நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் கூறினார். அதற்காக நாள் முழுதும் படுத்திருத்தலும் தகாது. மூட்டுகள் மேலும் இறுகிவிடும். காலையில் விரல்கள் மடங்கா. ஆதலின் அடுக்களை வேலை ஒன்பது மணிக்குப் பிறகே. காய் நறுக்குவது அமர்ந்தபடி, அதுவும் பாதி முதல்நாள் மாலையிலேயே. ஒரு குடம் நீருக்குப் பதில் இரண்டு அரைக்குடம். நல்ல நாளாயினும் இதே அளவுதான். இதுதான் மிகக் கடினமான விதி. இன்றும் அன்னையார் இதை நமக்குத் தெரியாமல் மீறுகிறார். மூட்டு வீக்கம் மாதக் கணக்கில் தணியாவிடில் "பழைய காய்ச்சலின் மிச்சம்" என்று இருந்துவிடாமல், வாத நோயா என்று சோதித்துக்கொள்வதும் அவசியம்.

பொங்காலைக்கு வருவோம். 2009-இல் 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் நூலில் பதிவான திருவிழா அது. ஓராண்டு அன்னையார் கோயிலருகிலேயே இடம்பிடித்து, தாமே செங்கல் சுமந்து, நண்பகல் வெயிலில் குந்தியிருந்து பொங்கலிட்டார். பங்குனி பாதி கழியும்வரை அதன் பலனை அனுபவித்தார். மறு ஆண்டு "இனி வேண்டாம்" என்றோம். அவர் விடையிறுக்கவில்லை, இரண்டு நாள் நம்மோடு பேசவுமில்லை. வேண்டாம் என்று சொல்வது நமக்கு எளிது!

அதன்பின் இல்லாளும் நாமும் அமர்ந்து கணக்கிட்டோம். பொங்காலைக்கு முந்திய வாரம் வீட்டில் பெரிய வேலை எதுவும் இல்லை. வெல்லம் உடைப்பதும் தேங்காய் துருவுவதும் முதல்நாளே நம் பொறுப்பு. கோயில் அடுப்பில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பாகப் பரவி வருவதால், கரமனையில் நம் வாசலில் எரிவதும் பகவதியின் தீயே என்று ஒருவாறு இணங்கச் செய்தோம். குந்துவதற்குப் பதில் ஓர் உயரமான முக்காலி. பொங்கி வரும் வரை கிளறுவது பேத்தி. பொங்கும் வேளையில் அகப்பை அன்னையார் கையில்.

அன்று நமக்கு நிலையத்தில் அலுவல். நாகர்கோவில் வண்டிகளில் வந்திறங்கிய கூட்டத்தை அனுப்பிவிட்டு இரவு வீடு திரும்பியபோது, அன்னையார் கால் நீட்டிப் படுத்திருந்தார். வலி இல்லாமலில்லை. அடுத்த இரு நாளும் அடுக்களை நம்முடையது என்று முன்பே விடுப்பு எடுத்திருந்தோம். காலையில் நாம் வார்த்த தோசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது என்னடா, இலங்கைப் படமா?" என்று கேட்டார்.