கட் ஆஃப் ஜோசியம்: "இந்த மார்க்குக்கு முண்டியம்பாக்கம் கிடைக்குமா டாக்டர்?"

1/
நீட் ரிசல்ட் வந்த வாரத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர்கூட போனை நீட்டி, "பொண்ணு மார்க் இது, முண்டியம்பாக்கம் கிடைக்குமா டாக்டர்?"னு கேட்பார். போனில் ஏதோ ஒரு காலேஜ் பிரெடிக்டர். சிவப்பு எழுத்தில் "வாய்ப்பு குறைவு".

அந்தச் சிவப்பு எழுத்தை நம்பி குடும்பங்கள் எடுக்கிற முடிவுகளைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். வீட்டில் +2 பிள்ளை இருந்தால் சேமிச்சு வெச்சுக்கங்க.

2/
பெரும்பாலான பிரெடிக்டர்கள் செய்யும் வேலை எளிமையானது. போன வருஷம் அந்தக் கல்லூரியில் கடைசியாகச் சேர்ந்தவர் எவ்வளவு மார்க்? உங்க மார்க் அதைவிடக் கூடவா, குறைவா? அவ்வளவுதான்.

இது சரியாக இருக்கணும்னா தேர்வு, இடங்கள், விதிகள் மூணும் போன வருஷம் மாதிரியே இருக்கணும். நம்ம ஊர்ல அப்படி இருந்திருக்கா? பார்ப்போம்.

3/
முதலில் தேர்வு.

2024 நீட் திருத்தப்பட்ட முடிவில் 720-க்கு 720 எடுத்தவர்கள் 17 பேர். 2025-ல் இந்தியாவிலேயே முதலிடம் 686 மார்க்தான். பொதுப்பிரிவு தகுதி மதிப்பெண் 162-லிருந்து 144-க்கு இறங்கியது.

2024 கட் ஆஃபை வைத்து 2025 மார்க்கைப் பார்ப்பது, ஃபாரன்ஹீட்டில் 98.6 காட்டின தெர்மாமீட்டர் செல்சியஸில் 37 காட்டினதும் "உடம்பு சில்லிட்டுப் போச்சு"ன்னு அழுவதற்குச் சமம். உடம்பு அதேதான். அளவுகோல்தான் மாறியிருக்கு.

4/
அடுத்து இடங்கள்.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 1,450 இடங்கள். அதில் ஒன்று கள்ளக்குறிச்சி, 2019 வரை நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். முந்தைய வருஷப் பட்டியலில் இந்தக் கல்லூரிகளே கிடையாது. அதை வைத்து எப்படிக் கணிப்பது?

5/
மூன்றாவது விதிகள்.

2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு சட்டமானது. அந்த நவம்பரில் கலந்தாய்வு தொடங்கியபோது, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் இல்லாமல் சில பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. கலந்தாய்வு நடக்கும்போதே வந்த மாற்றம் இது. எந்த ஆப் இதை முன்கூட்டியே சொல்லியிருக்கும்?

6/
இன்ஜினியரிங்கும் விதிவிலக்கு இல்லை. கோவிட் காரணமாக 2021-ல் +2 தேர்வே நடக்கவில்லை. 10-ம் வகுப்பு 50%, 11-ம் வகுப்பு 20%, 12-ம் வகுப்பு செய்முறை, அகமதிப்பீடு 30% என்று மார்க் போட்டார்கள். விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊரிலும் அண்ணா பல்கலையின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கு. 2020 கட் ஆஃபை அந்த வருஷம் அங்கே பொருத்திப் பார்த்ததில் அர்த்தமே இல்லை.

7/
இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு கல்லூரிக்கு ஒரு கட் ஆஃப் கிடையாது.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் 100 இடம். 15 அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 85-ல் 69% இடஒதுக்கீடு: பிசி 26.5, பிசிஎம் 3.5, எம்பிசி 20, எஸ்சி 15, எஸ்சிஏ 3, எஸ்டி 1 சதவீதம். இதற்குள்தான் 7.5%.

ஒன்றிரண்டு இடம் மட்டுமே உள்ள பிரிவில் கட் ஆஃப் என்பது ஒரே ஒரு பிள்ளையின் முடிவு. போன வருஷம் அந்தப் பிள்ளை செங்கல்பட்டு போயிருந்தால் முண்டியம்பாக்கம் கட் ஆஃப் வேறு ஆகியிருக்கும். ஒரு பேஷண்டை வைத்து மருந்து வேலை செய்யுதுன்னு நாங்க சொல்ல மாட்டோம்.

8/
"ஜிப்மர் பக்கத்துலதானே இருக்கு, நமக்குக் கிடைக்காதா?" என்பார்கள். 2020-லிருந்து அங்கேயும் நீட்தான். புதுச்சேரி மக்களுக்கு உள் ஒதுக்கீடு உண்டு, விழுப்புரம் மாவட்டத்துக்காரருக்கு அது கிடையாது. பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்பது கலந்தாய்வில் கணக்கில் வராது.

9/
இதனால் என்ன கெட்டுப்போச்சு? இரண்டு விஷயம்.

ஒன்று, கலந்தாய்வு தொடங்கும் முன்பே "கிடைக்காது"ன்னு முடிவு கட்டி வெளிநாட்டு சீட்டுக்கோ தனியார் சீட்டுக்கோ புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுப்பது. பெரும்பாலும் நிலத்தையோ நகையையோ வைத்து.

இரண்டு, சத்தமில்லாமல் நடக்கும் நஷ்டம். விருப்பப் பட்டியலில் அந்தக் கல்லூரியைப் போடாமலே விடுவது.

10/
இந்த இழையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைக்கணும்னா இதை வையுங்க:

பட்டியலை ஆசை வரிசையில் போடுங்க, வாய்ப்பு வரிசையில் போடாதீங்க.

கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும். உங்க முறை வரும்போது உங்க பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். முதலில் காலியாக இருப்பதைக் கொடுக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியை முதலில் போட்டதால் முண்டியம்பாக்கம் கைவிட்டுப் போகாது. "இந்த மார்க்குக்கு இவ்வளவு பேராசையா"ன்னு கம்ப்யூட்டர் கோவிச்சுக்காது. போடாத கல்லூரியை மட்டும் அதனால் தர முடியாது.

கிடைத்தால் சேர முடியாத கல்லூரியைப் போடாதீங்க. சுற்றுக்குச் சுற்று விலகும் விதியும் டெபாசிட் விதியும் மாறும். அந்த வருஷத்துத் தகவல் குறிப்பேட்டைப் படிங்க.

11/
கணிக்கவே கூடாதா? கணிக்கலாம், சரியாகக் கணிக்கணும்.

மார்க்கை விடுங்க, மாநில ரேங்க் பட்டியல் வரட்டும். உங்க பிரிவில் எத்தனையாவது இடம்னு பாருங்க. அரசுப் பள்ளி என்றால் 7.5% பட்டியலையும் பாருங்க. கடந்த மூணு வருஷம் அந்தப் பிரிவில் கடைசிச் சுற்று எந்த ரேங்க் வரை போச்சுன்னு பாருங்க. இந்த வருஷம் இடம் கூடியிருக்கா குறைஞ்சிருக்கா பாருங்க. கிடைக்கும் விடை "கிடைக்கும்", "கிடைக்காது"ன்னு இருக்காது. "இதிலிருந்து இதுக்குள்ள"ன்னு இருக்கும். அதுதான் நேர்மையான விடை.

12/
அரசுக்கு ஒரு கோரிக்கை. பிரிவு வாரியாக, சுற்று வாரியாகக் கடைசி ரேங்க்கை ஒரே பக்கத்தில், எளிய தமிழில் வெளியிடுங்க. ரிசல்ட் வாரத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுப் பள்ளிகளில் ஒரு மேஜை, விவரம் தெரிந்த ஓர் ஆசிரியர் போதும். நகரத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்ல அக்கா, அண்ணன், கோச்சிங் சென்டர் இருக்கு. வீட்டில் முதல் பட்டதாரிக்கு அந்தச் சிவப்பு எழுத்து மட்டும்தான் இருக்கு.

13/
பெற்றோருக்கு: ரிசல்ட் வாரத்தில் பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்கணும். 104 அல்லது 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பட்டியல் இன்னும் பூட்டப்படலைன்னா எதுவும் முடிஞ்சு போகலை. தேவைப்படும் ஒரு வீட்டுக்கு இதை அனுப்புங்க.