முதலீட்டு ஆலோசகர்களும் பாமர ஜனங்களும்

உழவு மாடு வாங்கப் போகின்ற குடியானவன் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான், நடத்திப் பார்க்கின்றான், ஏரில் பூட்டிப் பார்க்கின்றான். சுழி பார்க்கின்ற மூடத்தனம் ஒருபுறம் இருக்கட்டும். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுகின்ற தரகன், விற்கின்றவனிடம் எவ்வளவு வாங்குகின்றானோ என்கின்ற சந்தேகம் மாத்திரம் அவனை விட்டு ஒரு நிமிஷமும் நீங்குவதில்லை. அப்படிப்பட்டவனுடைய மகன் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, ஓய்வுபெறும் நாளில் கைக்கு வந்த பிராவிடண்டு பண்டுப் பணத்தைப் பாங்கியிலே மேஜைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கின்ற ஒருவர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகின்றான். ஏன் என்று கேட்டால், "மேனேஜர் நல்லவர், நமக்குக் கெடுதல் சொல்லுவாரா?" என்கின்றான். படிப்பு ஏற ஏறப் பகுத்தறிவு ஏறும் என்று சொல்லுகின்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டுகின்றோம்.

நாம் மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்றுதான் கேட்கின்றோம்.

ஒரு வக்கீல் வாதியிடம் பீஸ் வாங்கிக்கொண்டு பிரதிவாதியிடமும் இரகசியமாகப் பணம் வாங்கினால் அவரை ஊரார் என்ன சொல்லுவார்கள்? ஆனால் ஜோசியர் தோஷம் இருக்கின்றது என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் புரோகிதரிடம் அனுப்புகின்றார். புரோகிதர் தட்சணையில் ஜோசியருக்குப் பங்கு கொடுக்கின்றார். நோயைச் சொல்லுகின்றவனும் மருந்தை விற்கின்றவனும் கூட்டாளிகளாய் இருந்தால், உலகத்தில் தோஷமில்லாத ஜாதகம் ஒன்றுகூட அகப்படாது என்று இந்த இயக்கம் ஆதியிலிருந்தே சொல்லி வருகின்றது. முதலீட்டு விஷயமும் அதேதான். கமிஷன் வாங்குகின்றவர் கண்ணுக்கு, கமிஷன் இல்லாத முதலீடு ஒருநாளும் நல்ல முதலீடாகத் தெரியாது.

இது நமது சொந்தக் கற்பனையல்ல. அமெரிக்காவில் 1940-லேயே முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனிச் சட்டம் செய்தார்கள். அதன்மேல் 1963-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஆலோசகர் ஒருவர் தான் முதலில் சில பங்குகளை வாங்கி வைத்துக்கொள்ளுவது, பிறகு அதே பங்குகளை வாங்கச் சொல்லித் தன் சந்தாதாரர்களுக்கு எழுதுவது, அவர்கள் வாங்குவதால் விலை ஏறினதும் தன்னுடையதை விற்று இலாபம் அடைவது. இதை வெளியில் சொல்லாமல் செய்வது மோசடியே என்றும், தன் லாபம் எதில் இருக்கின்றது என்பதை ஆலோசகர் கட்சிக்காரரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

நமது நாட்டில் அந்த ஞானம் வர 2013 ஆயிற்று. பங்குச் சந்தையைக் கண்காணிக்கின்ற செபி அந்த வருஷம் ஆலோசகர்களுக்கு விதிகள் செய்தது. அவைகளில் உள்ள சங்கதி ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிய வேண்டியதாகும். ஆலோசகர் தன் லாபத்தைப் பின்னுக்குத் தள்ளி, நம்பி வந்தவரின் நன்மையையே முன்வைத்து நடக்கக் கடமைப்பட்டவர். நம்பிக்கைப் பொறுப்பாளர் என்று அர்த்தம். அவர் தான் சொல்லும் ஆலோசனைக்குக் கட்சிக்காரரைத் தவிர வேறொருவரிடம் கூலி வாங்கக் கூடாது. வந்தவருடைய வயது, வருமானம், கடன், நஷ்டத்தைத் தாங்கும் சக்தி இவைகளை விசாரித்து எழுதி வைத்து, அவருக்குப் பொருந்துவதைத்தான் சொல்ல வேண்டும். இவ்வளவு லாபம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பிறருக்கு வாங்கச் சொல்லிவிட்டுத் தான் அதற்கு மாறாகச் சொந்தக் கணக்கில் 15 நாளைக்கு வியாபாரம் செய்யக் கூடாது. 2020-ல் வந்த திருத்தப்படி ஒரே குடும்பத்துக்கு ஆலோசகராகவும் கமிஷன் பெறும் விற்பனையாளராகவும் இருக்க முடியாது. ஒரு குடும்பத்திடம் வாங்குகின்ற பீஸுக்கும் உச்சவரம்பு உண்டு; நிலையான பீஸ் முறையில் அது வருஷத்துக்கு 1,51,000 ரூபாய் என்று 2025-ல் ஏற்பட்டது.

2024 டிசம்பரில் ஆலோசகருக்கு வேண்டிய படிப்பு யோக்கியதையைக் குறைத்துவிட்டார்கள் என்று சிலர் குறைப்படுகின்றார்கள். முன்னே மேற்பட்டமும் அனுபவமும் வேண்டும், இப்போது ஒரு பட்டமும் பரீட்சையும் போதும் என்கின்றார்கள். நமக்கு அதில் ஆட்சேபணை இல்லை. நாணயம் எந்தப் பட்டத்தில் இருக்கின்றது?

நிற்க, விதி இவ்வளவு நன்றாக இருந்தும் ஜனங்கள் ஏன் மோசம் போகின்றார்கள்? அந்த விதிக்குள் வராதவர்களே நம்மிடம் அதிகமாக வருகின்றார்கள் என்பதால்தான். நூற்று நாற்பது கோடி ஜனங்கள் உள்ள நாட்டில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் சுமார் ஆயிரம் பேர். மியூச்சுவல் பண்டு விற்பனையாளர், இன்சூரன்ஸ் ஏஜெண்டு முதலானவர்கள் தங்கள் விற்பனையோடு சேர்த்துச் சொல்லுகின்ற ஆலோசனைக்கு அந்த விதிகளின் கீழ்ப் பதிவு வேண்டியதில்லை என்று கதவு திறந்து விடப்பட்டிருக்கின்றது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த கதையாக அல்லவா இது இருக்கின்றது?

எஸ் பாங்கி விவகாரத்தைப் பாருங்கள். அந்தப் பாங்கி ஒருவிதக் கடன் பத்திரம் வெளியிட்டது. பாங்கிக்கு ஆபத்து வந்தால் அந்தப் பத்திரத்தின் பணம் முழுவதையும் இல்லையென்று தள்ளிவிடலாம் என்பது அதன் நிபந்தனை. பெரிய ஸ்தாபனங்கள் வாங்க வேண்டிய சரக்கு அது. அதைப் பாங்கியின் ஆட்கள் டெபாசிட் போட்டிருந்த தனி மனிதர்களிடம், டெபாசிட்டைவிட உயர்ந்த டெபாசிட் என்பதுபோல் சொல்லி விற்றார்கள் என்று செபி 2021 ஏப்ரல் உத்தரவில் கண்டிருக்கின்றது. 1,346 தனி மனிதர்கள் சுமார் 679 கோடி ரூபாய் போட்டார்கள். அவர்களில் 277 பேர் தவணை முடியாத டெபாசிட்டை உடைத்து அதில் 80 கோடியைப் போட்டார்கள். 2020 மார்ச்சில் 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் ஒரே எழுத்தில் பூஜ்யம் ஆக்கப்பட்டன. செபி விதித்த 25 கோடி அபராதம் அப்பீலுக்குப் போயிற்று. பத்திரங்களைத் தள்ளியது செல்லாது என்று பம்பாய் ஹைகோர்ட்டு 2023-ல் சொன்னதும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. வக்கீல்களுக்குப் பணம் ஓடுகின்றது. ஆனால் டெபாசிட்டை உடைக்கச் சொன்னவர் அப்போது அந்தக் கிழவருடைய ஆலோசகரா, பாங்கியின் விற்பனையாளரா என்கின்ற கேள்விக்குக் கிழவர் ஒரு பதிலும், சட்டம் ஒரு பதிலுமாக வைத்திருந்ததே இத்தனை கஷ்டத்துக்கும் மூலம்.

"ஏழைக்குப் பீஸ் கொடுக்க ஏது வழி? கமிஷன் முறையில் ஆலோசனை இனாமாகக் கிடைக்கின்றதே" என்று சில புத்திசாலிகள் கேட்கின்றார்கள். இனாம் என்பதே புரட்டு. பண்டு கம்பெனி கமிஷனைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுப்பதில்லை. போட்டவன் பணத்திலிருந்தே வருஷா வருஷம் எடுத்துக் கொடுக்கின்றது. தரகர் இல்லாமல் நேரே வாங்குகின்ற வழி 2013 ஜனவரி முதல் இருக்கின்றது. இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளுவோம். 10 லட்சம் ரூபாய் வருஷத்துக்கு 12 சதவிகிதம் வளர்ந்தால் 20 வருஷத்தில் சுமார் 96 லட்சம். 11 சதவிகிதம் வளர்ந்தால் சுமார் 80 லட்சம். இடையிலே போன 15 லட்சத்துச் சொச்சம்தான் அந்த "இனாம்" ஆலோசனையின் விலை. கோவில் உண்டியலில் போடுகின்றவனுக்காவது எவ்வளவு போட்டோம் என்று தெரியும்.

இன்னொரு கூட்டம் செல்போனில் வருகின்றது. நாளைக்கு ஏறும் பங்கு இதுவென்று குழு சேர்த்துச் சொல்லுகின்றது. அதில் கிரக நிலை பார்த்துச் சொல்லுகின்ற ஜோசியர்களும் உண்டு. எதிர்கால பேரம், ஆப்ஷன் பேரம் என்கின்ற சூதில் இறங்கிய தனி மனிதர்களில் நூற்றுக்கு 93 பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம் அடைந்தார்கள் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்றும் செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கின்றது. பாமரன் ஏமாந்தான் என்று படித்தவர்கள் சிரிக்க வேண்டாம். தேசியப் பங்குச் சந்தையின் தலைமை அதிகாரியாய் 2016 வரை இருந்தவரே, சந்தையின் இரகசியக் கணக்குகளை ஹிமாலயத்தில் உலவுகின்ற ஒரு சித்த புருஷருக்கு மின்னஞ்சலில் அனுப்பி யோசனை கேட்டு நடந்தார் என்று செபி 2022 பிப்ரவரியில் உத்தரவு எழுத வேண்டியதாயிற்று. சித்த புருஷருக்கு மின்னஞ்சல் இருந்தது. பதிவு எண்தான் இல்லை!

ஆகவே தோழர்களே, பணத்தைப் பற்றி யோசனை சொல்ல வருகின்றவர் எவராயினும், சொந்த ஜாதிக்காரர், மைத்துனர், பாங்கி மேனேஜர் என்று பார்க்காமல் ஐ.என்.ஏ. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கின்றதா என்று கேளுங்கள். இருந்தால் செபியின் பட்டியலில் ஒத்துப் பாருங்கள். இல்லையென்றால், இதை நான் வாங்கினால் உமக்கு எவ்வளவு வரும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மோசம் போனவர்கள் செபியின் ஸ்கோர்ஸ் என்கின்ற முறையில் புகார் எழுதலாம், அதற்குக் காசில்லை.

சர்க்காரையும் செபியையும் நாம் கேட்பது இவ்வளவே: ஒவ்வொரு பாங்கிக் கிளையிலும், இங்கே பண்டும் இன்சூரன்ஸும் விற்பதில் பாங்கிக்கு நூற்றுக்கு இவ்வளவு கமிஷன் என்று வட்டி விகிதப் பலகைக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்ட வேண்டும். கையெழுத்து வாங்குகின்ற காகிதம் எதுவாயினும் கையெழுத்துப் போடுகின்றவன் படிக்கக்கூடிய பாஷையில் இருக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் டெபாசிட்டை உடைத்து வேறொன்றில் போடுவதானால், ஒரு வாரம் கழித்து, வீட்டார் ஒருவரை வைத்துக்கொண்டு, மறுபடி கேட்ட பிறகே அதைச் செல்லுபடியாக்க வேண்டும்.